பின்தொடர்தலும் மேல்முறையீடும்: இடைவெளியை நீதிமன்றம் படிக்கும் விதம்

பின்தொடர்தல் என்ற குற்றத்துக்குத் தேதி குறிப்பது கடினம். அடிதடிக்கும் திருட்டுக்கும் குற்றப்பத்திரிகையில் நாளும் நேரமும் எழுதிவிடலாம். விலகி வந்த மனைவியைக் கணவன் மாதக்கணக்கில் விடாமல் துரத்துவதை ஒரு நாளுக்குள் அடக்க முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட 354டி பிரிவு இதை உணர்ந்தே எழுதப்பட்டது. பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதை அது குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு அதே சொற்களோடு நடைமுறையில் இருக்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, ஜாமீன் உண்டு. மறுமுறைக்கு 5 ஆண்டு வரை. கணவனுக்கு விலக்கு என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

சட்டம் தொடர்ச்சியைக் குற்றமாக்கியிருந்தும், மேல்முறையீட்டில் அது துண்டு துண்டாகிவிடுகிறது. விசாரணை நீதிமன்றம் சாட்சியின் முகத்தைப் பார்க்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்ப்பது காகிதத்தை. ஒவ்வொரு சம்பவத்தையும் தனியே எடுத்து, ‘இதில் என்ன குற்றம்?’ என்று கேட்டால், தெருமுனையில் நின்றதும் குற்றமாகத் தெரியாது, நள்ளிரவில் வந்த போனும் குற்றமாகத் தெரியாது. இடையில் நடந்த சமரசத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுத்துவிட்டால், மிச்சமிருந்த தொடர்ச்சியும் அறுந்துபோகும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் அந்தச் சமரசம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். புகுந்த வீடு ஆவடியில், தாய்வீடு பூந்தமல்லியில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரம் பைக் நிற்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் முதலில் கிடைப்பது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, வழக்குப் பதிவு அல்ல. ‘புருஷன் பொண்டாட்டி விவகாரம், பேசி முடிச்சுக்கோங்க’ என்று சொல்லி, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என அவனிடம் எழுதி வாங்குவார்கள். சில வாரம் கழித்து மறுபடி பைக், மறுபடி மனு, மறுபடி ரசீது. பீரோவில் சேலைக்கு அடியில் மூன்று நான்கு ரசீதுகள் சேர்ந்த பிறகே முதல் தகவல் அறிக்கை வரும்.

மேல்முறையீட்டில் இந்த ரசீதுகளைத் தாமதத்துக்கும் சமரசத்துக்கும் சான்றாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் அவை காட்டுவது நேரெதிரானதை. சட்டம் கேட்கும் ‘தெளிவான விருப்பமின்மை’க்கு, தேதியும் எண்ணும் போட்ட அரசு முத்திரையைவிட வேறென்ன ஆவணம் வேண்டும்? அவன் எழுதிக் கொடுத்தது குற்ற ஒப்புதலாக இருக்கும் அளவுக்கு, போலீசாரிடம் தந்தது என்ற காரணத்தால் ஏற்கத்தக்கதல்ல. அவள் கொடுத்த மனுவுக்கு அந்தத் தடை இல்லை. அரசுத் தரப்பு அவற்றை ஒவ்வொன்றாகச் சான்றாவணம் ஆக்காமல் விடுவதுதான் பின்னால் வரும் பல விடுதலைகளின் வித்து.

இடைவெளியைத் தவறாகப் படித்ததன் விலையை இங்கிலாந்து பார்த்திருக்கிறது. அங்கே 1997ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் குறைந்தது இரண்டு சம்பவங்கள் கொண்ட ‘தொடர் நடத்தை’யைக் கேட்கிறது. ஹில்ஸ் வழக்கில் இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி. இடையில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தனர். தொடர்ச்சி இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2010இல் கர்ட்டிஸ் வழக்கில் ஒன்பது மாதத்தில் ஆறு சம்பவங்கள் இருந்தும் முடிவு அதுவே. அடித்த பிறகு சேர்ந்து வாழவைப்பதே வீட்டு வன்முறையின் இயல்பு என்பது அந்தத் தீர்ப்புகளில் இடம்பெறவில்லை. அந்த ஓட்டையை அடைக்க நாடாளுமன்றம் 2015இல் கட்டுப்படுத்தும் நடத்தையைத் தனிக் குற்றமாக்க வேண்டியிருந்தது. பிரிந்த பிறகு தொடரும் தொல்லையும் அதற்குள் வந்தது 2023இல்தான்.

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற ஒரு குற்றவியல் மேல்முறையீடு இதே கேள்வியை வேறு வடிவில் எழுப்பியது. காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில், 2008இல் புகுந்த வீட்டை விட்டு வந்த பெண் 2018இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மனு செய்தார். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மனுவை ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் நீதிபதிகள் யு.யு. லலித், பி.எஸ். நரசிம்மா அமர்வு அதை மாற்றியது. 12ஆம் பிரிவு மனு குற்றப் புகார் அல்ல. காலவரம்பு ஓடத் தொடங்குவது நீதிமன்ற ஆணையை மீறிய நாளிலிருந்துதான். ஒரு பெண் பட்ட தொல்லைக்கு ஒரு தேதி போட்டு, அந்தத் தேதியிலிருந்து நாள் எண்ணும் பழக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு கடிவாளம் போட்டது. இதன் பொருள் இன்னும் கீழ் நீதிமன்றங்களின் அன்றாட வாதங்களில் முழுமையாக இறங்கவில்லை.

2005ஆம் ஆண்டின் அந்தக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பின்தொடர்தலுக்கு எதிரான ஆணை என்றே சொல்லலாம். பணியிடத்துக்குள் நுழையாதே, நேரிலோ போனிலோ மின்னணு வழியிலோ தொடர்புகொள்ளாதே என்று நடுவர் உத்தரவிடலாம். மேலே சொன்ன பெண் ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் மூன்றில் எதற்குரிய நடுவரிடமும் போகலாம். அவள் தங்கியிருக்கும் இடமும் வேலை செய்யும் இடமும், கணவன் வசிக்கும் இடமும் 27ஆம் பிரிவின்படி அதிகார வரம்பைத் தரும். ஆணையை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஆணைக்கு எதிராக 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. பின்தொடர்தல் வழக்கில் திரும்பத் திரும்ப நடந்த துரத்தலை நிரூபிக்க வேண்டும். இங்கே ஆணை கைக்குக் கிடைத்தபின் ஒரே ஒரு மீறல் போதும். ஆகவே பெண்ணுக்கு வலுவான வழி இதுவே.

விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதிலும் தெளிவு வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் அனுமதி கோராமலே மேல்முறையீடு செய்யலாம் என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கு சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஜோசப் ஸ்டீபன் எதிர் சந்தானசாமி வழக்கில், சீராய்வின் வழியே விடுதலையைத் தண்டனையாக மாற்ற உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022இல் தீர்ப்பானது. எனவே சீராய்வு மனு போட்டுக் காலத்தை இழப்பது வீண். தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது என்பது மட்டும் இன்னும் குறையாகவே நிற்கிறது.

பெரும்பாலோர் கவனிக்காத கட்டம் ஒன்று உண்டு. தண்டிக்கப்பட்டவன் மேல்முறையீடு செய்து தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் நாள் அது. மனு ஏற்கப்பட்டால் மாலையே வெளியே வருகிறான். தொழிற்பேட்டையின் கேட் அதே இடத்தில்தான் இருக்கிறது. நிறுத்திவைக்கும் உத்தரவிலேயே அவன் எங்கே போகக் கூடாது, யாரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நிபந்தனை எழுதலாம். இதைத் தவிர, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, இருவரையும் பாதிக்கும் எந்தக் குற்றவியல் நடவடிக்கையிலும் 18ஆம் பிரிவுப் பாதுகாப்பைக் கேட்க இடம் தருகிறது. நிறுத்திவைப்பு மனு விசாரணைக்கு வரும் அன்றே அந்தக் கோரிக்கையும் அதே அமர்வின் முன் வைக்கப்பட வேண்டும்.