கதிர்ச் சிகிச்சையும் எங்கள் தோலும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நான் தொழிலால் கணக்காளன், வைத்தியன் அல்ல. ஆகவே இந்த மாதப் பேச்சில் மருந்து எழுதித் தர வரவில்லை. ஓர் அளவுகோலின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அந்த அளவுகோல் மனிதரின் தோல். அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டு என் சின்னம்மாவுக்கு மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து, லண்டனில் ஒரு வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. எங்கள் ஆட்கள் சிலர் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். மூன்று கிழமை, 15 தடவை. வேலைக்குப் போகுமுன் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "தோல் சிவந்திருக்கிறதா?" நான் தமிழில் கேட்பேன். சின்னம்மா இல்லை என்று தலையாட்டுவார். நான் ஆங்கிலத்தில் "இல்லை" என்பேன்.

சிகிச்சை முடிந்து ஒரு கிழமைக்குப் பின், குளிக்க உதவிய என் மனைவி மார்பின் கீழ்மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிவதைக் கண்டார். "ஏன் சின்னம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவையள் சிவந்ததோ எண்டுதானே கேட்டவை, தம்பி. என்ர கறுத்தத் தோல் எங்க சிவக்கப் போகுது? அது இன்னும் கறுத்தது, எரிஞ்சது. அதை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

கேள்வியைத் தமிழாக்கியவன் நான். எனக்கும் அது தோன்றவில்லை. புண் ஆறிவிட்டது. ஆனால் அந்தச் 'சிவப்பு' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் லெயோபோல்ட் ஃபிராய்ன்ட் என்ற வைத்தியர், ஒரு சிறுமியின் முதுகில் மயிர் அடர்ந்திருந்த மறுவை அந்தக் கதிர்களால் அகற்ற முயன்றார். மயிர் உதிர்ந்தது, ஆனால் முதுகில் ஆழமான புண் ஏற்பட்டது. 1901இல் பாரிஸில் ஹென்றி பெக்கரல், ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார். பைக்கு நேரே தோல் வெந்துபோயிற்று. பியர் கியூரியோ வேண்டுமென்றே தன் கையில் ரேடியத்தை வைத்துப் பார்த்தார். இருவரும் அதே ஆண்டில் தங்கள் தோலுக்கு நேர்ந்ததைச் சேர்ந்து எழுதி வெளியிட்டார்கள். நல்ல தோலை எரிக்கும் கதிர் நோயுற்ற தசையையும் எரிக்குமல்லவா என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களில் வலுப்பெற்றது.

லண்டனிலும் இதற்கு விலை கொடுத்தார்கள். வைட்சப்பலில் இன்று றோயல் லண்டன் வைத்தியசாலை என்று நாம் அறியும் இடத்தில், ஆரம்ப காலத்தில் எக்ஸ் கதிர்ப் பகுதியை நடத்தியவர்களில் ஏர்ணஸ்ட் ஹார்ணாக், ஏர்ணஸ்ட் வில்சன், றெஜினால்ட் பிளக்கோல், ஹரோல்ட் சகேர்ஸ் என்ற நால்வரின் கைகளும் கதிரால் பழுதடைந்தன. வில்சன் 1911இல் இறந்தார். பேர்மிங்காமில் ஜோன் ஹோல் எட்வேட்ஸ் 1908இல் இடது கையை இழந்தார். அந்த நாட்களில் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பலர் தங்கள் கையையே அதன் முன் நீட்டிப் பார்ப்பது வழக்கம். அவர்களுக்கு அளவுகருவி கைதான்.

பின்னர் நோயாளரின் தோலும் அளவுகருவியாயிற்று. எவ்வளவு கதிர் கொடுத்தால் தோல் சிவக்குமோ, அதை ஓர் அலகாக வைத்தார்கள். 'தோல் சிவக்கும் அளவு' என்பதே அதன் பெயர். சந்தையில் பூக்காரர் ஒவ்வொருவரும் தன் கையால் முழம் போட்டது போன்ற கணக்கு இது. ஒரு வைத்தியசாலையின் அளவு இன்னொன்றின் அளவோடு பெரிதும் வேறுபட்டது. 1925இல் முதலாவது சர்வதேசக் கதிரியல் மாநாடு இதே லண்டனில் கூடியபோது, பொதுவான அலகு வேண்டும் என்ற வேலை தொடங்கியது. 1928இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் 'ரொன்ட்ஜென்' என்ற அலகு ஏற்கப்பட்டது. அளக்கும் வேலை தோலிலிருந்து கருவிக்கு மாறத் தொடங்கியது.

தோலைக் காப்பாற்றும் வழியும் அக்காலத்திலேயே கிடைத்தது. பாரிஸில் குளோட் றெகோ செம்மறிக் கடாக்களின் விதைகளில் செய்த சோதனைகளில், ஒரே தடவையில் பெருமளவு கதிர் கொடுத்தால் மேல்தோல் கடுமையாகப் பழுதாகிறது, பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அந்தப் பழுதில்லாமல் உள்ளே பலன் கிடைக்கிறது என்று கண்டார். அவரோடு பணியாற்றிய ஹென்றி கூட்டார் இதைத் தொண்டைப் புற்றுநோயாளரிடம் பயன்படுத்திக் காட்டினார். ஏன் நாள்தோறும் அலையவேண்டியிருக்கிறது, ஒரே நாளில் முடித்துவிடக்கூடாதா என்று சின்னம்மா கேட்டதற்கு விடை இதுதான். நாளுக்கு நாள் கிடைக்கும் இடைவெளியில் நல்ல கலங்கள் தங்களைப் பழுதுபார்த்துக் கொள்கின்றன.

அடுத்த பெரிய மாற்றம் இயந்திரத்தில் வந்தது. பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளில் கதிரின் முழு வேகமும் முதலில் தோலில்தான் விழும். 1951இல் கனடாவில் கோபால்ட் கருவிகள் வந்தன. 1953இல் மேற்கு லண்டனின் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில், மருத்துவத்துக்கென்றே செய்த நேர்கோட்டு முடுக்கியில் நோயாளருக்குச் சிகிச்சை தொடங்கியது. இவற்றில் கதிரின் உச்சம் தோலுக்குக் கீழேதான் வரும். ஆனாலும் மார்பு, கழுத்து போன்ற இடங்களில் நோய் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் தோல் முழுதாகத் தப்புவதில்லை. அக்குள், மார்பின் கீழ் போன்ற மடிப்புகளில் உரசலும் வியர்வையும் சேர்ந்துகொள்கின்றன.

எங்கள் பக்கத்தில், சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது. டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் திறந்தது. ஆக, கறுத்த, மாநிறத் தோல்களில் இந்தச் சிகிச்சை நடக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அலகு மாறிற்று, இயந்திரம் மாறிற்று, ஆனால் சொல் மாறவில்லை. கதிர்ச் சிகிச்சையின் தோல் பாதிப்பைத் தரம் பிரிக்க அமெரிக்கக் குழு ஒன்று வகுத்து உலகெங்கும் பரவிய பட்டியலில் முதற்படி 'மங்கலான சிவப்பு', அடுத்தபடி 'பளிச்சென்ற சிவப்பு'. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். மேலும் கறுப்பது, ஊதா அல்லது சாம்பல் நிறம் பாய்வது, சூடு, இறுக்கம், அரிப்பு, எரிவு, இவைதான் எங்கள் தோல் பேசும் மொழி. அண்மைய ஆண்டுகளில் பிரித்தானிய வழிகாட்டிகள் தோல் நிறத்துக்கேற்ப அறிகுறி மாறும் என்று எழுதத் தொடங்கியுள்ளன. நல்ல மாற்றம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும் துண்டுப்பிரசுரத்தை வாசித்துச் சொல்வது நம் பொறுப்பு.

பராமரிப்பிலும் பழைய சொல் ஒன்று நம்மிடையே உலாவுகிறது: 'கரண்ட் பிடிக்கிற இடத்தில் தண்ணீர் படக்கூடாது.' ஒரு காலத்தில் வைத்தியசாலைகளே அப்படிச் சொன்னது உண்மை. மையால் கீறிய அடையாளங்கள் அழிந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். 1992இல் வெளியான ஓர் ஆய்வு, மார்பில் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் கழுவுவதால் தோல் மோசமாவதில்லை என்று காட்டியது. இப்போது பொதுவாகச் சொல்வது இவைதான். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்கவேண்டும். வாசனையில்லாத கிறீமை மெல்லிதாகப் பூசலாம். தளர்வான பருத்தி உடை நல்லது. வெந்நீர்ப் போத்தலும் பனிக்கட்டியும் வைக்கக்கூடாது. வெயில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும். தோல் உரிந்தால் கிறீமை நிறுத்திவிட்டு உடனே சிகிச்சைக் குழுவுக்குச் சொல்லவேண்டும்.

நம்மவருக்காக இன்னும் இரண்டு சொல்வேன். மஞ்சளோ சந்தனமோ பூசினால் தோலின் உண்மையான நிறம் மறைந்துவிடும். கேட்காமல் எதையும் பூசவேண்டாம். தாலிக்கொடி அந்த இடத்தில் உரசுமானால், சில கிழமைகளுக்குக் கழற்றிவைப்பதில் குற்றமில்லை. சின்னம்மா கழற்ற மனமில்லாமல் இருந்தார். சித்தப்பாதான், "நான் இஞ்சதானே இருக்கிறன், கழட்டி வை" என்று சொல்லிக் கழற்றுவித்தார்.

கடைசியாக ஒன்று. 2020இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு, மார்புப் புற்றுநோயாளர் பலருக்கு 15 தடவைக்குப் பதிலாக ஒரே கிழமையில் 5 தடவை போதும் என்று காட்டியது. அலைச்சல் குறைந்தது, தோல் பாதிப்பும் பொதுவாகக் குறைவு. ஆனால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகுதான் தெரியவரும். அப்போது தினமும் கேட்க றேடியோகிராபர் பக்கத்தில் இருக்கமாட்டார். வீட்டிலுள்ளவர்கள்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே, நேயர்களே, உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ மொழிபெயர்க்கப் போகிறவர்கள் நீங்களானால், "சிவந்திருக்கிறதா?" என்ற கேள்வியை அப்படியே தமிழாக்கி நிறுத்திவிடாதீர்கள். "நிறம் மாறியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா, எரிகிறதா?" என்று கேளுங்கள். பதிலை முழுதாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நான் அன்று விட்ட தவறு அதுதான்.