பெயரின்றி இசைத்தோர்: டெட்ராயிட் ஒலிப்பதிவுக் கூடம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைத்தட்டு ஒன்றை எடுத்து நோக்கினால், அதன் நடுவில் ஒட்டப்பட்ட தாளில் பாடியவர், இயற்றியவர், தயாரித்தவர் ஆகியோரின் பெயர்களைக் காணலாம். இசைக்கருவிகளை வாசித்தவர் யார் என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் அங்கு விடை இராது. அவ்வாறு பெயர் மறைக்கப்பட்ட ஒரு குழுவினரின் பணியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1959ஆம் ஆண்டில் பெரி கோர்டி என்னும் கறுப்பினத்தவர், தம் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று, அமெரிக்காவின் மோட்டார் நகரமாகிய டெட்ராயிட்டில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் மோட்டவுன் எனப் புகழ்பெற்றது. அவர் முன்னர் மோட்டார் தொழிற்சாலையில் உழைத்தவர். ஆதலின், ஒரு வண்டி பல கைகளைக் கடந்து முழுமை பெறும் முறையையே பாடலாக்கத்திலும் மேற்கொண்டார். மேற்கு கிராண்ட் பூல்வார்டு வீதியில் ஒரு வீட்டின் பின்புறம் இருந்த சிறிய கூடம் ஒலிப்பதிவு அறையாயிற்று.

அங்கு வாசித்தோருள் பலர் அந்நகரின் ஜாஸ் அரங்குகளில் தேர்ச்சி பெற்றவர்கள். கிட்டார் வாசித்தோர் பொதுவாக மூவர்: ராபர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசினா. கறுப்பினத்தவர் இருவர்க்கிடையே வெள்ளையராகிய மெசினா அமர்ந்தார். ஒருவர் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளை அழுத்திக் காட்டுவார். மற்றொருவர் சுரக்கோவைகளை நிரப்புவார். மூன்றாமவர் இடைவெளிகளில் சிறு அலங்காரங்களைச் சேர்ப்பார். மூன்று கருவிகளும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலித்தமைக்கு இப்பங்கீடே காரணமாகும்.

தயாரிப்பாளரின் பணியையும் குறைத்து மதிப்பிடலாகாது. பாடலைத் தேர்வதும், பாடுவோரையும் வாசிப்போரையும் இணைப்பதும், பதிவானவற்றுள் சிறந்ததைத் தெரிவதும் அவர் பொறுப்பே. ஆயினும் பல வேளைகளில் அவர் கொண்டுவந்தது சுரக்கோவைகளின் குறிப்பு மட்டுமே. அதற்கு உருக்கொடுத்தவர்கள் இசைக்கலைஞர்களே. இங்குதான் நீதி பற்றிய வினா எழுகிறது.

சான்றாக, டெம்ப்டேஷன்ஸ் குழுவினரின் ‘மை கேர்ள்’ என்னும் பாடல் 1965இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. அதைத் தயாரித்தவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்டு வைட்டும் ஆவர். ஆனால், அதன் தொடக்கத்தில் ஆறு சுரங்களாக ஏறிச்செல்லும் கிட்டார் ஒலியைக் கேட்டவுடனேயே மக்கள் பாடலை அறிந்துகொள்கின்றனர். அதை வாசித்தவர் ராபர்ட் வைட். அவருக்குக் கிடைத்தது வாசித்ததற்கான ஊதியமே, உரிமைத்தொகையில் பங்கில்லை. பிற்காலத்தில் ஓர் உணவகத்தில் இப்பாடல் ஒலித்தபோது, பணியாளரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தவர், நம்பமாட்டார் எனக் கருதிச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று கூறப்படுகிறது.

1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பின் உறையில் இக்கலைஞர்களின் பெயர்கள் அச்சேறின. மோட்டவுன் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனையாகும். எனினும் அடுத்த ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. டெட்ராயிட்டில் தங்கிவிட்டோர் பலர் பிழைப்பை இழந்தனர். 2002இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தின் வாயிலாகவே உலகம் அவர்களைப் பரவலாக அறிந்தது. ராபர்ட் வைட் 1994இலேயே மறைந்துவிட்டார்.

ஒரு படைப்பின் ஆசிரியர் யார்? திட்டமிட்டவரா, கைகளால் உருவாக்கியவரா? இருவரும் என்பதே இவ்வரலாறு தரும் விடை. ஆனால் ஒருவரின் பெயரே ஏட்டில் ஏறியது. எழுதப்பட்ட சான்றுகளை மட்டும் நம்பும் வரலாற்று மாணவன், எழுதப்படாமல் விடப்பட்டவர் யார் என்றும் வினவக் கடமைப்பட்டவன்.