ஃபோர்டும் சேக்கிழாரும்: குடிப்பெயர் தோன்றும் முறை பற்றிய ஓர் ஆய்வு

திருப்பெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. அவற்றுட் பல அயல்நாட்டுப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. ஓரகடத்திலுள்ள ராயல் என்ஃபீல்டு ஆலையின் பெயரில் இலண்டனுக்கு வடபாலமைந்த ஓர் ஊர் வாழ்கிறது. அவ்வூரிலேயே உள்ள டைம்லர் ஆலையின் பெயரில் செருமானியக் குடி ஒன்று வாழ்கிறது. சாலை முடியுமிடத்திற்கு அணித்தாகிய மறைமலைநகரில் 1990களில் அமைந்து, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்திய ஆலையோ ஃபோர்டு என்னும் ஆங்கிலக் குடிப்பெயரைத் தாங்கியது. அப்பெயரின் வரலாற்றை ஈண்டு ஆராய்ந்து, அதன் துணைகொண்டு, ‘தமிழரிடையே குடிப்பெயர் வழக்கு என்றுமே இருந்ததில்லை’ என்னும் கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைக் காண்போம்.

சொல்லும் பொருளும்

ஃபோர்டு என்பது பழைய ஆங்கிலச் சொல். ஆற்றில் நீர் ஆழமின்றி, மக்களும் மாக்களும் நடந்தே கடத்தற்குரிய இடத்தை அது குறிக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, பிராட்ஃபோர்டு, ஸ்டிராட்ஃபோர்டு முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்பதும் இச்சொல்லே. செருமன் மொழியின் ஃபுர்ட் என்பது இதற்கு உறவாகும். பிராங்க்ஃபுர்ட் என்னும் நகர்ப்பெயரில் அதனைக் காணலாம். செல்லுதல், கடத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று இச்சொற்கள் பிறந்தன என்பர் மொழிநூலார்.

இதனைத் தமிழில் ‘துறை’ எனப் பெயர்ப்பாரும் உளர். துறை என்பது நீரில் இறங்குமிடம். ஆண்டு ஆழம் மிக்கிருத்தலும் கூடும். கட என்னும் வினையடியாகப் பிறந்த ‘கடவு’ என்னும் சொல்லே ஃபோர்டின் கருத்திற்குப் பின்னும் நெருங்கியது. இருமொழிச் சொற்களும் கடத்தற் பொருளினின்று தோன்றியமை கருத்தொற்றுமையே; அதுகொண்டு இவற்றிடை மொழியுறவு கற்பித்தல் பிழையாம்.

அடைமொழி குடிப்பெயராதல்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுதற்கு முன்னர், அந்நாட்டார் பெரும்பாலும் ஒற்றைப் பெயரே பூண்டிருந்தனர். பின்னர், ஜான், வில்லியம் முதலிய சில பெயர்களே நாடெங்கும் பல்கின. ஓர் ஊரில் ஜான் என்பார் பலர் இருப்பின், அவரை வேறுபடுத்த அடைமொழி வேண்டுமன்றோ? கடவின் அருகே குடியிருந்தவன் ‘கடவருகு ஜான்’ என்னும் பொருள்பட ‘ஜான் அட் ஃபோர்டு’ எனப்பட்டான். இடைநின்ற ‘அட்’ என்னும் உருபு நாளடைவில் தொக்கது. கடவுகள் நாடெங்கும் இருந்தமையின், இப்பெயர் ஒரே மூதாதையினின்று பரவியதன்று; ஒன்றற்கொன்று தொடர்பில்லாப் பல ஊர்களில் தனித்தனியே தோன்றியது. ஆகலின் ஃபோர்டு என்னும் பெயருடையார் அனைவரும் ஒரு குடியினர் எனல் பொருந்தாது.

இவ்வடைமொழி எப்பொழுது குடிப்பெயராயிற்று? கடவருகே வாழ்ந்த தந்தையை விட்டு நீங்கி, மகன் மலைச்சாரலிற் குடியேறிய பின்னும் ஃபோர்டு என்றே அழைக்கப்பட்டபொழுது என்க. கொல்லனல்லாதவன் ஸ்மித் எனப்படுதலும், ஜானின் மகளும் ‘ஜானின் மகன்’ என்று பொருள்படும் ஜான்சன் என்னும் பெயரைப் பெறுதலும் இவ்வாறே. எனவே, பெயரின் நேர்ப்பொருள் அதனைப் பூண்டவனுக்குப் பொருந்தாதொழிந்த பின்னும் அப்பெயர் வழிவழி வருமாயின், அதுவே குடிப்பெயர். இதனை யாம் அளவுகோலாகக் கொள்வோம்.

அடைமொழியை நிலைநிறுத்தியது ஏடு. நிலவுரிமை தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்வதைப் பதிவு செய்யவும், 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தண்டப்பெற்ற தலைவரி போன்றவற்றிற்கு ஆட்களைக் கணக்கிடவும் மாறாத பெயர் பயன்பட்டது. ஏறத்தாழ 1400க்குள் ஆங்கிலக் குடும்பங்களுட் பெரும்பாலானவை குடிப்பெயர் பெற்றுவிட்டன. 1538இல் தொடங்கிய கோயிற்பற்றுப் பதிவேடுகள் அவற்றை மேலும் உறுதியாக்கின.

அயர்லாந்திலோ, ஐரிஷ் மொழிக் குடிப்பெயர்கள் சில ஆங்கிலமாக்கப்பட்டபொழுதும் ஃபோர்டு என்னும் வடிவம் பெற்றன. கார்த் தொழிலில் இப்பெயரை உலகறியச் செய்த ஹென்றி ஃபோர்டு 1863இல் அமெரிக்காவில் பிறந்தவர். அவர்தம் தந்தை வில்லியம் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து 1847இல் குடிபெயர்ந்தவர். 1903இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயராகி, ஆற்றங்கரைச் சொல் அங்ஙனம் மறைமலைநகர் வரை வந்தது.

சங்கப் புலவர் பெயர்கள்

ஆங்கிலக் குடிப்பெயர்களை இடம், தொழில், தந்தை பெயர், உருவம் அல்லது இயல்பு என நால்வகைப்படுத்துவர். இந்நான்கும் சங்கப் புலவர் பெயர்களிலும் உள்ளமை கருதத்தக்கது. இடத்தாற் பெற்ற பெயர் துறையூர் ஓடைகிழார். தொழிலாற் பெற்றது மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். தந்தையாற் பெற்றது மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். உருவத்தாற் பெற்றது நரைமுடி நெட்டையார். ஆங்கிலத்தில் ‘லாங்’ என்னும் குடிப்பெயரும் நெடியோன் என்றே பொருள்படும்.

ஆயினும் யாம் கொண்ட அளவுகோலால் நோக்கின், இவை குடிப்பெயர் ஆகா. நக்கீரனார் கணக்காயனார் மகனாராதல் மெய்; அப்பெயரின் பொருள் இன்னும் பொருந்தியே நிற்கிறது. அவர் வழித்தோன்றல்கள் அவ்வடையைப் பூண்டனர் என்றற்குச் சான்றில்லை.

குன்றத்தூர்ச் சான்று

இனி, முன்னர்த் திருப்பெரும்புதூர் வட்டத்தில் அடங்கியிருந்த குன்றத்தூரை நோக்குவோம். பெரியபுராணம் பாடிய பெருந்தகை பிறந்த ஊர் அது. அவர்தம் இயற்பெயர் அருண்மொழித்தேவர். சேக்கிழார் என்பது அவர் பிறந்த குடியின் பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் சேக்கிழான் என்னும் பெயர் பூண்டோர் வேறு சிலரும் காணப்படுகின்றனர். ஒருவரைப் பிறரினின்று பிரித்தறியத் தோன்றும் அடைமொழி, பலர்க்கு உரியதாய் வழங்குதல் குடிப்பெயராகிய பின்னரே இயலும். ஆகவே, தமிழர்க்குக் குடிப்பெயர் என்றுமே இல்லை என்னும் கூற்றைத் தமிழ்நாட்டின் தலைசிறந்த புலவருள் ஒருவர் பெயரே மறுக்கிறது.

வேறுபாடு பரப்பில் உள்ளது. இங்கிலாந்தில் வரியேடும் கோயிற்பற்று ஏடும் எளியோரையும் பெயர் சுட்டிப் பதிந்தன. சோழர் கல்வெட்டுகளோ நிலமுடையாரையும் அதிகாரிகளையும் கொடையாளரையுமே மிகுதியும் கூறுகின்றன. பிற்காலத்தில் பெயரின் பின்னிடத்தைச் சாதிப்பட்டங்கள் பற்றிக்கொண்டன. கடவருகு வாழ்ந்தமையைக் கூறும் ஃபோர்டு, பூண்டவனின் உயர்வு தாழ்வைக் கூறுவதில்லை. சாதிப்பட்டமோ அதனையே கூறியது. இப்பகுதி முன்பு அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில், 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை நீக்குமாறு தீர்மானித்தது வரலாற்றுப் பொருத்தமுடையது. இன்று தந்தை பெயரின் தலையெழுத்தை முன்னிட்டு எழுதும் வழக்கே தமிழ்நாட்டிற் பெரிதும் நிலவுகிறது.

முடிபு

பிறநாடு செல்ல விழையும் இளைஞர், கடவுச்சீட்டு விண்ணப்பத்திற் குடிப்பெயர் கேட்கும் கட்டத்தின் முன் திகைப்பதை நாம் அறிவோம். தந்தை பெயரை ஆண்டு எழுதின், அயல்நாட்டில் அவர் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறார். இதுகொண்டு தமிழ்ப் பெயர் குறையுடையது என்பாரும் உளர். எம் மாணவருட் சிலரும் அங்ஙனம் கருதுகின்றனர். குறை பெயரில் இல்லை. ஒரு நாட்டின் வரியேட்டு வழக்கை உலகப் பொதுவிதியாகக் கொண்ட கட்டத்தில் உள்ளது.

வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட அடிகளின் பெயரைத் தாங்கிய நகரிலேயே ஃபோர்டு என்னும் பெயரும் வந்து நின்றது. முன்னது பொருளறிந்து ஒருவர் தாமே தேர்ந்தது. பின்னது பொருள் மறந்து பல தலைமுறை சுமந்தது. இரண்டும் பெயரிடுதலின் இருவேறு நெறிகள். ஒன்றனைக் கொண்டு மற்றொன்றைக் குறைகூறாது, ஒவ்வொன்றும் பிறந்த சூழலை ஆராய்தலே நம் கடன். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘கிழான்’, ‘உடையான்’ என்னும் பெயர்களை மேற்கூறிய அளவுகோலால் வட்டந்தோறும் ஆராயின், சேக்கிழார் போன்ற குடிப்பெயர்கள் இன்னும் எத்துணை உள என்பது விளங்கும். ஆய்வு மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.