தந்தையரை மறைத்த சட்டம்

திரைப்படங்களைப் பற்றி எழுதுவது எனக்கு வழக்கமன்று. அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் கற்பிப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆயினும் 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘எ ஃபேமிலி திங்’ என்னும் படத்தை அண்மையில் இல்லத்தாருடன் அமர்ந்து காண நேர்ந்தது. அன்றுமுதல் அக்கதையைக் காட்டிலும், அக்கதைக்குப் பின்னே மறைந்து நிற்கும் வரலாறே நெஞ்சை விட்டு அகலாதிருக்கிறது.

கதை சிறியது. ஆர்கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூரொன்றில் வாழும் எர்ல் பில்ச்சர் என்னும் முதியவர், தம்மை வெள்ளையர் என்றே எண்ணி வாழ்ந்தவர். தம்மை வளர்த்த அன்னை இறந்தபின் அவ்வம்மையார் விட்டுச்சென்ற கடிதமொன்று அவர் கைக்கு வருகிறது. அவரைப் பெற்றவள் அந்த அம்மையார் அல்லர். அவ்வீட்டில் வேலை செய்த வில்லா மே என்னும் கறுப்பினப் பெண். தந்தை அவ்வீட்டுத் தலைவரேதான். பிள்ளையைப் பெற்ற அன்றே அப்பெண் இறந்துபோனாள். அவளுக்கு முன்பே பிறந்த மகன் ஒருவன் சிகாகோ நகரில் இருக்கிறான்; அவனைத் தேடிச் சென்று பார் என்கிறது கடிதம். எர்லாக நடித்தவர் ராபர்ட் டுவால். தமையன் ரேயாக நடித்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ்.

தம்பியைக் கண்டதும் தமையன் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. தன் தாயின் உயிரைக் கொண்டுபோனவன் இவன் என்ற கசப்பு அறுபது ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் நெஞ்சம் அது. அவ்விருவரையும் ஒரு கூரையின்கீழ் இருத்துகிறவள் தாயின் சகோதரி. அக்கிழவிக்குக் கண்பார்வை இல்லை. வந்தவன் என்ன நிறம் என்பதை அவள் காண முடியாது. தன் உடன்பிறந்தாளின் பிள்ளை என்பது ஒன்றே அவள் அறிந்தது. தாயின் சகோதரியைப் பெரியம்மா என்றும் சின்னம்மா என்றும் தாயாகவே விளிக்கும் நமக்கு, அம்மூதாட்டியைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை.

படம் சட்டங்களைப் பற்றிப் பேசுவதன்று. நாம் பேசித்தான் ஆகவேண்டும். 1911ஆம் ஆண்டு அதே ஆர்கன்சாஸ் மாநிலம் இயற்றிய சட்டமொன்று, உடலில் கறுப்பின இரத்தம் எவ்வளவு சிறிதாயினும் ஓடுகின்ற எவரும் கறுப்பினத்தவரே என்று வரையறுத்தது. இரு இனத்தார் கூடி வாழ்வதைப் பெருங்குற்றமாக்கியது. அச்சட்டத்தின் கண்ணுக்கு எர்ல் பிறந்த நாள்முதல் கறுப்பினத்தவர். வெள்ளையர் பள்ளியில் அவர் படித்திருக்க முடியாது; வெள்ளைப் பெண்ணை அவர் மணந்திருந்தால் அம்மணம் செல்லாது. ஓர் அம்மையார் வாய் திறவாதிருந்த ஒரே காரணத்தால் அவர் வெள்ளையராக வாழ்ந்தார். தோலில் எழுதியிருப்பதாகச் சொல்லப்பட்ட இனம், உண்மையில் ஒரு கடிதத்தின் உறைக்குள் இருந்தது.

இதன் வேர் எங்கே என்று தேடினால் வெர்ஜீனியாவுக்குச் செல்லவேண்டும். ஆங்கிலேயர் தம் பழைய வழக்கின்படி பிள்ளை தந்தையின் நிலையையே பெறும். எலிசபெத் கீ என்னும் பெண், ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் பிறந்தவள். தந்தை ஆங்கிலேயர் என்பதையும், தான் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதையும் காட்டி அக்குடியேற்றத்தின் நீதிமன்றத்தில் வழக்காடி, 1656இல் விடுதலை பெற்றாள். நிலவுடைமையாளர் விழித்துக்கொண்டனர். 1662ஆம் ஆண்டு அங்குள்ள சட்டமன்றம், பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும் என்று விதித்தது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தை யாராயினும் ஆகுக!

ஒரு வரிதான். அதன் விளைவோ அளவிறந்தது. எசமானன் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவனுக்கு மகன் ஆகான். அவன் உடைமை ஆவான். தந்தைக்குப் பொறுப்பில்லை; மாறாக இலாபம் உண்டு. 1808 முதல் வெளிநாட்டினின்று அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டபின், பிறப்பு ஒன்றே அடிமைகளின் தொகையைப் பெருக்கும் வழியாக எஞ்சியது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் கொடுமை விளங்கும்.

அரபு இலக்கியம் கற்பிப்போர்க்கு இங்கே அன்தரா இப்னு ஷத்தாதின் நினைவு வராமற் போகாது. ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞன். தந்தை அப்ஸ் குலத்தவர், தாய் ஸபீபா அபிசீனிய அடிமை. அன்றைய வழக்கப்படி தந்தை அவனை மகன் என ஏற்கவில்லை. போரில் அவன் வாள் தேவைப்பட்ட பின்னரே ஏற்றார் என்பது மரபுச் செய்தி. பின்வந்த ஃபிக்ஹு, எசமானன் ஏற்றுக்கொண்ட பிள்ளை சுதந்திரன், தந்தையின் நசபுக்கு உரியவன் என்றும், அத்தாய் ‘உம்மு வலத்’ ஆகிவிடுவதால் அவளை விற்கலாகாது, எசமானன் இறந்ததும் அவள் விடுதலையடைவாள் என்றும் விதித்தது. இதைச் சொல்லி நாம் பெருமை கொண்டாடிவிட இயலாது. சான்சிபார்த் தீவில் 1873 வரை அடிமைச் சந்தை நடந்தது. அதில் விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பதும் நாம் அறிந்ததே. தந்தையின் பெயரை அழிப்பதா, காப்பதா என்னும் ஒரு கேள்வியில் இரு சட்டங்கள் பிரிந்து நின்றன என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் இல்லத்தையே நோக்குவோம். மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர் அவர். அவர் வீட்டு அடிமை சாலி ஹெமிங்ஸ், அவர்தம் மறைந்த மனைவிக்குத் தந்தை வழியில் சகோதரி. மாமனார் தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகள் அவள். அவளுடைய பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனே என்று 1802இல் பத்திரிகையில் செய்தி வந்தது. 1873இல் அவள் மகன் மேடிசன் தாமே அதனைக் கூறினார். அடிமையின் பிள்ளை சொல்லை அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1998இல் நடந்த மரபணுச் சோதனை, சாலியின் கடைசி மகனது வழித்தோன்றல் ஜெஃபர்சன் ஆண்வழியைச் சேர்ந்தவர் எனக் காட்டியது. 2000ஆம் ஆண்டு, அவர் மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையும் அவரே தந்தையாதல் கூடும் என ஒப்பியது. ஒரு மகன் தன் தந்தையின் பெயரைச் சொன்னதை நம்ப, ஒரு நாட்டுக்கு ஒன்றேகால் நூற்றாண்டு பிடித்தது.

மறைவில் நடந்ததைக் கண்டும் காணாதிருந்த சட்டம், வெளிப்படையான திருமணத்தைக் கண்டால் மட்டும் சீறியது. 1958இல் ரிச்சர்ட் லவ்விங் என்னும் வெள்ளையரும் மில்ட்ரெட் என்னும் கறுப்பினப் பெண்ணும் வாஷிங்டன் நகரில் மணந்துகொண்டு வெர்ஜீனியாவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பினர். நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்தில் கால் வைக்கலாகாது என்ற நிபந்தனையின்பேரில் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தகைய சட்டங்களை வீழ்த்தியது. அன்றுவரை அவற்றை வைத்திருந்த மாநிலங்கள் 16. ஆர்கன்சாஸும் அவற்றுள் ஒன்று.

கற்பனைக் கதைதானே என்று படத்தை ஒதுக்குவோர் ஸ்ட்ராம் தர்மண்டின் வாழ்வை அறிதல் வேண்டும். தென் கரோலினாவின் ஆளுநர். 1948இல் இனப் பிரிவினையே கொள்கையாகக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். 1957இல் குடியுரிமை மசோதாவை எதிர்த்து மேலவையில் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசியவர். 2003 ஜூன் மாதம் நூறு வயதில் அவர் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியை, தாம் அவருடைய மகள் என்று உலகறியக் கூறினார். 1925இல் அவர் பிறந்தபோது, தர்மண்ட் இல்லத்தில் வேலை செய்துவந்த தாய்க்கு வயது 16. தாயின் சகோதரி இல்லத்தில் வளர்ந்த அப்பெண், பதின்மூன்று வயது வரை அச்சகோதரியையே தாய் என்று எண்ணியிருந்தார். தந்தை மறைவாகப் பணம் கொடுத்தார். கல்லூரியில் படித்த காலத்தில் வந்தும் பார்த்தார். ஊரறிய ஒரு நாளும் மகளே என்று அழைக்கவில்லை. அவர் உயிரோடிருந்த வரை மகளும் வாய் திறக்கவில்லை. அம்மௌனத்தை அடிமைத்தனம் என்பதா, பிள்ளைப் பாசம் என்பதா? எனக்குத் தீர்ப்புச் சொல்லத் துணிவில்லை.

தர்மண்ட் குடும்பத்தார் அவர் கூற்றை மறுக்கவில்லை. தென் கரோலினாச் சட்டமன்ற வளாகத்தில் தர்மண்டுக்கு ஒரு சிலை உண்டு. அதன் பீடத்துக் கல்லில் ‘நான்கு பிள்ளைகளின் தந்தை’ என்று பொறித்து, நால்வர் பெயரையும் வரிசையாகச் செதுக்கியிருந்தனர். 2004ஆம் ஆண்டு சிற்பி ஒருவரை அழைத்து, ‘நான்கு’ என்பதை ‘ஐந்து’ என்று திருத்தி, பட்டியலின் அடியில் எஸ்ஸி மே என்ற பெயரைச் செதுக்கினர். அவரே மூத்த மகள். பெயரோ கடைசியில் நிற்கிறது.