ஐந்து பிரிவுகளில் ஒரு சட்டம்

காற்றாலை என்றதும் பொறியாளர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஜெர்மனியில் அதன் வரலாற்றை ஐந்தே பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

1980களில் அங்கே சிற்றாற்றங்கரையில் ஒருவர் மின்சாரம் உண்டாக்கினால், அதை வாங்கக்கூடியது அப்பகுதியில் ஏகபோகம் பெற்றிருந்த மின்நிறுவனம் மட்டுமே. விலையை நிர்ணயிப்பதும் அதுவே. பவேரியாவின் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எங்கல்ஸ்பெர்கர் இச்சிறு நீர்மின் உற்பத்தியாளர்களின் குறையை நாடாளுமன்றத்திற்குக் கொண்டுவந்தார். அவருடன் கைகோத்தவர் பசுமைக் கட்சியின் வொல்ஃப்காங் டேனியல்ஸ். எலியும் பூனையுமான இரு கட்சிகள்!

1991 ஜனவரி 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. காற்று, சூரிய மின்சாரத்தை மின்நிறுவனங்கள் வாங்கியே ஆகவேண்டும். நுகர்வோரிடம் பெறும் சராசரி விலையில் குறைந்தது 90 விழுக்காட்டைக் கொடுக்கவேண்டும். பெருநிறுவனங்கள் அப்போது கிழக்கு ஜெர்மனியின் மின்துறையைக் கைப்பற்றும் மும்முரத்தில் இருந்தன. இச்சிறு சட்டத்தை அவை பெரிதாக எண்ணவில்லை.

விளைவு வங்கிகளில் தெரிந்தது. வருமானம் உறுதி என்றானபின் வடகடலோர விவசாயிக்கும் காற்றாலைக் கடன் கிடைத்தது. கூடவே ஒரு வம்பும் வந்தது. காற்று வடக்கில் வீசுவதால் செலவும் வடக்கு நிறுவனங்களின் தலையில் விழுந்தது. பிராய்சன்எலெக்ட்ரா நிறுவனம் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. அரசுப் பணம் கைமாறாததால் இது அரசு மானியம் ஆகாது என்று 2001 மார்ச்சில் தீர்ப்பாயிற்று.

அதற்குள் பழைய சட்டமே போய்விட்டது. 1998இல் மின்சந்தை திறந்துவிடப்பட்டதும் விலை சரிய, அதனோடு பிணைக்கப்பட்ட கொள்முதல் தொகையும் சரியும் நிலை. 2000 ஏப்ரலில் வந்த புதிய சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்தது: ஒவ்வொரு தொழில்நுட்பத்திற்கும் தனி விலை, பொதுவாக 20 ஆண்டுகளுக்கு, சுமை நாடு முழுவதற்கும் பகிர்வு.

பகிர்வு என்றேன், சமபங்கு என்று சொல்லவில்லை. மின்சாரத்தை ஏராளமாக விழுங்கும் ஆலைகளுக்குப் பெரும் சலுகை தரப்பட்டது. மிச்சத்தை வீட்டு மின்கட்டணம் தாங்கியது. கூடுதல் வரிபோல் வசூலான அத்தொகை 2017இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை உயர்ந்தது. வாடகை வீட்டில் இருப்பவர், அண்டை வீட்டுக்காரரின் கூரைச் சூரியத்தகடுகளுக்கும் சேர்த்தே பணம் கட்டினார். இந்த அநீதியைச் சட்டத்தின் ஆதரவாளர்கள் போதுமான அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன்.

2022 ஜூலையில் அந்த வசூல் நின்றது. பொறுப்பை அரசின் நிதி ஏற்றுக்கொண்டது. 2023இல் ஜெர்மனி நுகர்ந்த மின்சாரத்தில் பாதிக்குமேல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வந்தது. 1990இல் அது 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதிலும் பெரும்பகுதி நீர்மின்சாரம்.