தோட்டத்து ஏவலும் ‘கொள்’ எனும் துணைவினையும்

தமிழில் ஏவல் வினையின் மிகக் குறுகிய வடிவம் வினைப்பகுதியே ஆகும். வா, நட, எடு என அது தனித்து நின்றே கட்டளையாகின்றது. நன்னூலாரும் வினைப்பகுதிகளை ஏவல் வடிவிலேயே எடுத்துக்காட்டினார். இப்பகுதியை வினையெச்சமாக்கி, அதனோடு ‘கொள்’ எனும் துணைவினையைச் சேர்ப்பின் பொருள் வேறாகின்றது. ‘எடு’ என்னுமிடத்துச் செயலின் பயன் யாரைச் சேரும் என்பது தெரியாது. ‘எடுத்துக்கொள்’ என்னுமிடத்து அது செய்பவனையே சேரும்.

ஸ்பானிய மொழியிலும் இதனையொத்த அமைப்பு உண்டு. ‘எழுந்திரு’ என்பதற்கு அங்கு ‘லெவான்தாதே’ என்பர். ஈற்றிலுள்ள ‘தே’, ‘உன்னை’ எனப் பொருள்படும் பதிற்பெயராகும். உடன்பாட்டு ஏவலில் அது வினையின் பின்னே ஒட்டி நிற்கும். ‘நோ தே லெவான்தேஸ்’ என எதிர்மறையாகுங்கால் பிரிந்து வினையின் முன்னே செல்லும். தமிழ்க் ‘கொள்’ அவ்வாறு இடம் மாறுவதில்லை. ‘எடுத்துக்கொள்ளாதே’ எனப் பின்னேயே நிற்கும். எனினும் இரு மொழிகளிலும் இத்தகைய ஏவல், செயலைக் கேட்பவனிடமே திருப்பிவிடுகின்றது எனலாம்.

இவ்விலக்கண வேறுபாடு மலையகத்தில் ஒரு சமூக வேறுபாடாகவும் விளங்கியது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோயின் பின்னர்த் தேயிலை பரவியது. ஊவாவின் மலைச்சரிவுகளும் தேயிலைத் தோட்டங்களாயின. ஆங்கிலேயத் துரைமார் தம் தொழிலாளரோடு பேசுதற்பொருட்டுத் தமிழ்க் கையேடுகள் எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்குசன் என்பார் சின்னத் துரைமாருக்காக எழுதிய கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். அஃது ஒருமை ஏவல். மரியாதை விகுதியும் இல்லை, ‘கொள்’ என்பதும் இல்லை. பெரட்டுக்களத்திலும் மலையிலும் பிறந்த ஏவல்களின் பயன் ஏவப்பட்டோரைச் சேரவில்லை. அவர்கள் வாழ்ந்த லயமும் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுள் எதுவும் லயத்து மக்களைக் காணிச் சொந்தக்காரராக்கவில்லை.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். அங்குள்ள குடியிருப்பு மண்சரிவு அபாயத்துக்குட்பட்டது என்றும், மக்கள் இடம்பெயர வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மாண்டனர், மண்ணுள் மறைந்த பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை.

அவ்வெச்சரிக்கையின் உட்பொருள் ‘உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்பதாகும். இலக்கண நெறிப்படி அது குறையற்ற ஏவல். பன்மையும் மரியாதையும் அதில் உண்டு. ஆயின், ‘கொள்’ எனும் ஏவல் நிறைவேறுதற்குக் கேட்பவனிடம் கொள்ளுதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். வேறொரு காணியோ, வீடோ, வேலையை விட்டுச் சென்று பிழைக்கும் வழியோ இல்லாதவன் எங்கனம் தன்னைக் காத்துக்கொள்வான்? தலைமுறை தலைமுறையாக ‘வா’ என்றும் ‘எடு’ என்றும் பிறர்பொருட்டு ஏவப்பட்ட மக்கள், ஆபத்து வந்துற்ற வேளையில் மட்டும் தம்பொருட்டுத் தாமே செயற்படுமாறு ஏவப்பட்டனர். எச்சரிக்கை பிழையன்று, அதனை நிறைவேற்றுதற்கான வழியை உடன் வழங்காமையே பிழை.

2016இல், பேரழிவின் இரண்டாண்டுகளின் பின், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டன. அவ்வீடுகள் 2011இலேயே எழுந்திருப்பின், ‘இடம்பெயர்ந்துகொள்ளுங்கள்’ எனும் சொல்லுக்குப் பொருள் இருந்திருக்கும். மலையகத்தின் ஏனைய சரிவுகளில் வாழ்வோர்க்கு எச்சரிக்கை விடுப்போர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். ‘காத்துக்கொள்’ என்று கூறுமுன், ‘இக்காணியை எடுத்துக்கொள்’ என்று கூறுதலே முறையாகும்.