ஆடம்ஸ் எங்கே? அவுட்டர் ஜாயின் பிறந்த கதை

டேட்டாபேஸைப் பாடமாகப் படித்தவர்களில் பலருக்கு ஆடம்ஸைத் தெரியும். சி.ஜே. டேட் எழுதிய பாடநூலில் ஐந்து சப்ளையர்கள் வருவார்கள்: ஸ்மித், ஜோன்ஸ், பிளேக், கிளார்க், கடைசியாக ஏதென்ஸ்காரர் ஆடம்ஸ். யார் எந்தச் சாமானை எத்தனை அனுப்பினார் என்பது இன்னொரு டேபிளில், 12 வரிகளாக இருக்கும். இரண்டையும் ஜாயின் செய்து ஆள்வாரியாகக் கூட்டினால் ஸ்மித் 1300, ஜோன்ஸ் 700, பிளேக் 200, கிளார்க் 900. மொத்தம் 3100, ஒன்றுகூடப் பிசகாது. ஆடம்ஸை மட்டும் காணோம். எதுவும் அனுப்பாதவர் என்பதால், பூஜ்யம் என்றுகூடப் போடாமல் பெயரையே தூக்கிவிட்டது ஜாயின். சும்மா இருப்பவர் யார் என்று பார்க்கத்தான் முதலாளி பட்டியலே கேட்டிருப்பார்! மொத்தம் சரியாக இருப்பதுதான் இதில் வம்பு. கூட்டிச் சரிபார்ப்பவர் கண்ணிலும் படாது.

இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், 1970-ல் எழுதிய கட்டுரையில் டேபிள்களைக் கணித உறவுகளாகப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஜாயின் என்றால் இரு பக்கமும் பொருந்துகிற வரிகள் மட்டுமே. ஜோடி இல்லாத வரிக்கு அங்கே இடமே கிடையாது. கணிதத்துக்கு அது அழகு, கணக்குப்பிள்ளைக்கு அவஸ்தை.

ஜோடி இல்லாததையும் சேர்த்துக்கொள்ளும் ஜாயினைப் பற்றி 1976-ல் லாக்ருவாவும் பிரோட்டும் எழுதினார்கள். 1979-ல் காட் தாமே தம் மாதிரியை விரித்து எழுதியபோது அவுட்டர் ஜாயினுக்கு இடம் கொடுத்தார். ஆடம்ஸின் வரி நிற்கும். அனுப்பிய அளவு இருக்க வேண்டிய கட்டத்தில் 'நல்' நிற்கும்.

இந்த நல் சும்மா வரவில்லை. அது பூஜ்யம் அல்ல, மதிப்பே இல்லை என்பதற்கான அடையாளம். ஆடம்ஸின் அளவைக் கூட்டச் சொன்னால் 0 வராது, மறுபடியும் நல்தான் வரும். வரிகளை எண்ணச் சொன்னாலோ, எதுவும் அனுப்பாதவர் பேரில் 1 என்று காட்டும், அவருடைய வரி ஒன்று அங்கே நிற்கிறதே! அளவுக் கட்டத்தைக் குறிப்பிட்டு எண்ணினால்தான் 0. டேட் தொடர்ந்து நல்லை எதிர்த்தே எழுதினார். கோபம் நியாயம்தான், ஆனால் நிரலாளர்கள் அவர் பக்கம் போகவில்லை.

டேட்டாபேஸ் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு 1986-ல் வந்த முதல் தரத்திலும் அவுட்டர் ஜாயின் கிடையாது. பொருந்தியவர்களுக்கு ஒரு வினவல், பொருந்தாதவர்களுக்கு இன்னொன்று, இரண்டையும் யூனியன் போட்டு ஒட்டுவார்கள். கம்பெனிகள் அவரவர் இஷ்டத்துக்குக் குறி போட்டன. ஆரக்கிளில் அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி. அதை ஆள் குறைகிற பக்கத்தில் வைக்க வேண்டும். சைபேஸில் சமக்குறியை ஒட்டி ஒரு நட்சத்திரம். அதை முழுசாக நிற்க வேண்டிய பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றதற்குப் போனால் தலைகீழ்.

குறி நின்ற இடம் அதைவிடப் பெரிய சிக்கல். ஜாயினும் மற்ற நிபந்தனைகளும் ஒரே 'வேர்' பகுதியில் கலந்து கிடந்தன. 'அளவு 100-க்கு மேல்' என்று எழுதினால், அந்த வடிகட்டல் ஜாயினுக்கு முன்பா பின்பா? முன்பு என்றால் ஆடம்ஸ் தப்பிப்பார். பின்பு என்றால் நல் 100-ஐத் தாண்டாது, மறுபடி காணாமல் போவார்.

1992-ன் தரம் ஜாயினை அங்கிருந்து பெயர்த்து 'ஃப்ரம்' பகுதிக்குக் கொண்டுபோனது. பொருத்தும் நிபந்தனைக்கு 'ஆன்', வடிகட்டுவதற்கு 'வேர்' என்று பாகம் பிரித்தது. லெஃப்ட், ரைட், ஃபுல் என்ற அவுட்டர் ஜாயின் வகைகள் மூன்றும் அதில்தான் தரமாயின. நல்லுக்குப் பதில் பூஜ்யம் போட உதவும் 'கோலெஸ்'-உம் அதே தரத்தில் வந்தது. ஆரக்கிள் இந்த எழுத்துமுறைக்கு வந்து சேர்ந்தது 2001-ல், 9ஐ பதிப்பில். பழைய கூட்டல் குறியையும் அது இன்னும் ஏற்கிறது; வேண்டாம், புது முறையில் எழுதுங்கள் என்று அதன் கையேடு சொன்னாலும்.